விடைபெறும் உரிமை

1955 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழ் தன் முதல் பக்கத்தில் ஒரு செய்தியை வெளியிட்டது. நியூயார்க் மாநிலத்தின் ஓஷன்சைட் என்ற ஊரிலுள்ள யூத ஜெப ஆலயம் ஒன்று, பெட்டி ராபின்ஸ் என்ற 31 வயதுப் பெண்ணைத் தன் கேன்டராக நியமித்திருக்கிறது என்பதுதான் அந்தச் செய்தி. யூதர்களின் நெடிய வரலாற்றில் ஒரு பெண் இந்தப் பணிக்கு வருவது இதுவே முதல் முறை என்று அன்று பேசப்பட்டது. பேசியவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோ நகரின் பெயர்பெற்ற ஜெப ஆலயத்தில், 1884 முதல் 1893 வரை, ஜூலி ரோஸ்வால்ட் என்ற பெண் அதே பணியைச் செய்துவிட்டுப் போயிருந்தார். ஒன்பது ஆண்டுப் பணி 62 ஆண்டுகளில் நினைவிலிருந்து அழிந்துவிட்டது.

பெண்களின் வரலாற்றை எழுதும்போது ‘முதல் பெண்’ என்ற தொடரைப் பெருமையோடு பயன்படுத்துகிறோம். ஒரே வேலைக்கு இரண்டு மூன்று ‘முதல் பெண்கள்’ கிடைக்கும்போது எனக்குப் பெருமையைவிடச் சந்தேகமே மிகுகிறது. முன்னால் வந்தவள் எங்கே போனாள்? எப்படிப் போனாள்? அவளை யார் வழியனுப்பினார்கள்? பெண்கள் ஒரு பணிக்குள் நுழைந்த கதையை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். அங்கிருந்து வெளியேறிய கதையை அவ்வளவாகப் பேசியதில்லை.

இதைப் பேசுவதற்குத் தமிழில் நல்லதொரு சொல் இருக்கிறது: விடைபெறுதல். விடை என்பது பெறுவது. பெறுவதற்குக் கொடுக்க ஒருவர் வேண்டும். ஒருவர் தானாக விலகலாம், விலக்கப்படலாம், சத்தமில்லாமல் மறக்கப்படலாம். ஆனால் விடைபெற வேண்டுமென்றால், ‘நீ இங்கே இருந்தாய், இந்தப் பணி உன்னுடையதாக இருந்தது’ என்று எதிரே நிற்பவர்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும். யூத ஜெப ஆலயங்களில் பாடிய பெண்கள் அந்த ஒப்புதலுக்காக எவ்வளவு காலம் காத்திருந்தார்கள் என்பதே இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

கேன்டர் என்பவர் யார்? எபிரேயத்தில் ஹஸான் என்பார்கள். நம் கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவாரை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கும். ஆனால் ஓதுவாரின் பாட்டு பூசையின் ஓர் அங்கம். கேன்டரின் பாட்டோ வழிபாடாகவே இருக்கிறது. சட்டத்தை விளக்குவதும் போதிப்பதும் ரபியின் வேலை. வழிபாட்டைப் பாடி நடத்துவது கேன்டரின் வேலை. காலைக்கு ஒரு மெட்டு, மாலைக்கு ஒன்று, ஓய்வுநாளுக்கு ஒன்று, பண்டிகைக்கு இன்னொன்று என நாளும் பொழுதும் பார்த்து மாறும் பாடல் முறை அவர் மனத்தில் இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே இன்று என்ன நாள் என்று சபையார் சொல்லிவிடுவார்கள். பாவநிவிர்த்தி நாளான யோம் கிப்பூர் தொடங்கும் மாலையில் ‘கொல் நித்ரே’ என்ற வாசகத்தை அவர் மூன்று முறை பாடுவார். ஆண்டு முழுவதும் ஜெப ஆலயப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட அந்த மாலையில் வந்து நிற்பார்கள்.

வழிபாட்டை நடத்துபவருக்கு இன்னொரு பெயர் உண்டு: ஷெலியாஹ் சிபூர். சபையின் தூதர் என்று பொருள். கடவுளின் தூதர் அல்ல. மக்கள் தங்கள் சார்பில் கடவுளிடம் அனுப்பி வைக்கிற தூதர். இந்தப் பெயரில்தான் கேன்டரின் அதிகாரமும் பணிவும் இருக்கின்றன. பெண்களுக்குக் கதவு சாத்தப்பட்ட இடமும் இதுதான்.

ஒரு கேன்டர் சபையிடம் விடைபெறுவது சாதாரணப் பணி ஓய்வு போன்றதல்ல. பிள்ளைகள் 12, 13 வயதில் முதன்முதலாகச் சபை நடுவே நின்று தோரா வாசிக்கும் நாளுக்கு அவர்களைப் பழக்குபவர் பெரும்பாலும் கேன்டர்தான். கால் நூற்றாண்டு ஒரே இடத்தில் பணியாற்றியவர், தான் பழக்கிய பிள்ளைகளின் பிள்ளைகளையும் பழக்கியிருப்பார். அவர்களுடைய திருமணங்களில் பாடியிருப்பார். அவர்கள் வீட்டு இறப்புகளில் கல்லறை ஓரம் நின்று பாடியிருப்பார். அவருடைய தொண்டைக்கு ஏற்ற மெட்டுகளே அந்தச் சபைக்குப் ‘பாரம்பரிய’ மெட்டுகளாகிவிட்டிருக்கும். புதியவர் வந்து வேறு மெட்டில் தொடங்கினால், ‘இது நம் மெட்டு இல்லையே’ என்று முணுமுணுப்பு எழும். ஆகவே அவர் போகும்போது ஒரு மனிதரோடு சேர்ந்து, சபை தன் பிரார்த்தனையைக் கேட்டுப் பழகிய ஒலியும் போகிறது.

இன்றைய அமெரிக்கச் சபைகளில் இதற்கென ஒரு முறை இருக்கிறது. ஓய்வுநாள் வழிபாடு ஒன்று விடைபெறுதலுக்கென ஒதுக்கப்படுகிறது. சபையார் எழுந்து நினைவுகளைச் சொல்கிறார்கள். ரபி ஆசி கூறுகிறார். நீண்ட காலம் பணியாற்றியவருக்கு ‘எமெரிட்டஸ்’ என்ற வாழ்நாள் சிறப்புப் பெயர் தரப்படுவதும் உண்டு. அதன்பின் அவர் ஒரு கட்டுப்பாட்டுக்கு உட்படுகிறார்: பின்வந்தவரின் இசைவு இல்லாமல் பழைய சபையின் திருமணத்தையோ இறுதிச் சடங்கையோ நடத்தப் போவதில்லை. புதியவர் வேரூன்றுவதற்காகப் பழையவர் விலகி நிற்கிறார். முன்னோர் என்றும் பின்வந்தவர் என்றும் இருவர் உண்டு, இருவருக்கும் பெயர் உண்டு என்று ஏற்றுக்கொண்ட பிறகுதான் இப்படியொரு நெறி சாத்தியமாகிறது. பெண்களுக்கு இல்லாமல் போனது இதுதான்.

இந்தப் பணியிலிருந்து பெண்ணைத் தள்ளி வைத்த நியாயங்கள் இரண்டு. முதலாவது, சட்ட நுணுக்கம். குறித்த நேரத்தில் செய்தாக வேண்டிய பல கடமைகளிலிருந்து யூதச் சட்டம் பெண்களுக்கு விலக்கு அளித்தது. தனக்கு இல்லாத கடமையைப் பிறர் சார்பில் ஒருவர் நிறைவேற்ற முடியாது என்பது இன்னொரு விதி. இரண்டையும் சேர்த்தால், பெண் சபையின் தூதராக முடியாது என்ற முடிவு கிடைத்துவிடுகிறது. தமிழில் ‘விலக்கு’ என்ற ஒரே சொல் சலுகையையும் ஒதுக்கிவைப்பதையும் குறிக்கிறது; மாதத்தில் மூன்று நாள் வீட்டின் மூலையில் உட்கார்த்தி வைப்பதற்கும் நம் பாட்டிமார் இதே சொல்லைத்தான் சொன்னார்கள். சலுகையாகத் தொடங்கி வாசலுக்கு வெளியே நிறுத்துவதில் முடியும் தந்திரத்தை விளக்க எனக்கு வேறு சொல் தேவைப்படவில்லை.

இரண்டாவது நியாயம், குரல். பாபிலோனியத் தல்மூதில், மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஷ்முவேல் என்ற அறிஞர் பெண்ணின் குரலை நிர்வாணத்தோடு சேர்த்துச் சொன்னதாக ஒரு கூற்று வருகிறது. அதற்கு அவர் காட்டும் சான்று, உன்னதப்பாட்டில் காதலியின் குரல் இனிமையானது என்று காதலன் வியக்கும் இடம். இனிமை என்ற பாராட்டே குற்றச்சாட்டுக்குச் சான்றாக மாறிய விந்தையைக் கவனியுங்கள். ‘ஷெமா’ வாசகத்தை ஓதுவது பற்றிய விவாதத்துக்கு நடுவே வந்த அந்த ஒற்றை வரியைப் பின்வந்த நூற்றாண்டுகளின் சட்ட அறிஞர்கள் நீட்டி, ஆண்கள் முன்னிலையில் பெண் பாடுவதற்கான தடையாக வளர்த்தெடுத்தார்கள். கடலைக் கடந்த பிறகு தம்புரு எடுத்துப் பாடிய மிரியாமும், போரில் வென்றபின் பாடிய தெபொராளும் அதே மதத்தின் மறைநூலில் இருந்துகொண்டேதான் இருந்தார்கள்.

தடை இருந்தும் பெண்கள் பாடினார்கள். பாடினார்கள் என்று நமக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் முக்கியம். ஜெர்மனியின் வொர்ம்ஸ் நகரில் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்களின் ஜெப ஆலயத்தை ஒட்டிப் பெண்களுக்கென ஒரு கூடம் கட்டப்பட்டது. அந்த நகரில் 1275இல் இறந்த உரானியா என்ற பெண்ணின் கல்லறைக் கல் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: அவள் ஜெப ஆலயப் பாடகர்களின் தலைவராக இருந்த ஆபிரகாமின் மகள், அவளும் பெண்களுக்கு முன் நின்று இனிய குரலில் துதிப்பாடல்களைப் பாடி வழிபாடு நடத்தினாள். அதே நகரில் ரபி எலியேசரின் மனைவி டுல்சியா 1196இல் இரண்டு மகள்களோடு கொல்லப்பட்டபோது, கணவர் அவருக்கு இரங்கற்பா எழுதினார். வட்டித் தொழில் செய்து குடும்பத்தையும் கணவரின் மாணவர்களையும் காப்பாற்றியவர், தோராச் சுருள்களைத் தைத்தவர், ஊர் ஊராகப் பெண்களுக்குப் பிரார்த்தனை கற்றுத் தந்தவர் என்று அந்தப் பா அவரைக் காட்டுகிறது.

இந்த இருவரும் நமக்குத் தெரிவதற்குக் காரணம், இவர்கள் பாடியது அல்ல. இவர்கள் இறந்தபோது யாரோ ஒருவர் விடை எழுதினார் என்பதே. ஒரு கல், ஒரு பா. இடைக்கால ஐரோப்பாவின் மற்ற நகரங்களிலும் பெண்கள் கூடம் இருந்தது. அங்கே எழுத்துத் தெரிந்த ஒருத்தி முன்நின்று சொல்ல மற்றவர்கள் பின்சொன்னார்கள். கிழக்கு ஐரோப்பாவில் அவளுக்கு ‘ஸோகெர்கே’ என்று பெயர்; சொல்லுகிறவள் என்று பொருள். ஸோகெர்கேக்களில் பெரும்பாலோரின் பெயர் நம்மிடம் இல்லை. அவர்களுக்கு யாரும் கல்லில் எழுதவில்லை.

இனி ஜூலி ரோஸ்வால்டிடம் வருவோம். 1847இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்தவர். தந்தை மோரிட்ஸ் ஐக்பெர்க் அந்த நகரின் கேன்டர். உரானியாவைப் போலவே இவரும் பாடகரின் மகள். ஆறு நூற்றாண்டுக்குப் பிறகும் ஜெப ஆலய இசை ஒரு பெண்ணிடம் வந்துசேர்வதற்கான வழி தந்தையின் வீடாகவே இருந்தது. இளவயதில் அமெரிக்காவின் பால்டிமோருக்கு வந்தார். வயலின் கலைஞர் ஜேக்கப் ரோஸ்வால்டை மணந்தார். 1870களில் ஓபரா மேடையில் புகழ்பெற்று, ஊர் ஊராகச் சுற்றும் குழுக்களில் முதன்மைப் பாடகியாக இருந்தார். 1884இல் தம்பதியர் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறினர்.

அந்த ஆண்டு, யூதப் புத்தாண்டும் யோம் கிப்பூரும் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், அந்நகரின் இமானு-எல் ஜெப ஆலயத்து கேன்டர் மாக்ஸ் வோல்ஃப் இறந்துபோனார். இரட்டைக் கோபுரங்கள் எழுப்பிய பெரிய கட்டடம்; ஜீன்ஸ் கால்சட்டையால் உலகுக்குத் தெரிந்த லீவை ஸ்ட்ராஸ் போன்ற செல்வந்தர்கள் உறுப்பினர்களாக இருந்த சபை. ஆண்டின் மிக முக்கியமான வழிபாடுகள் வாசலில் நிற்கின்றன. பாட ஆள் இல்லை. அப்போதுதான் ரோஸ்வால்டை அழைத்தார்கள். எந்தப் பணியிலும் பெண் முதலில் நுழையும் வழி இது. வீட்டில் ஆண் இல்லாதபோது கதவு திறக்கிறது.

இது இமானு-எல்லில் நடக்க முடிந்ததற்குக் காரணங்கள் உண்டு. அது சீர்திருத்தப் பிரிவைச் சேர்ந்த சபை. அங்கே ஆர்கன் வந்துவிட்டது. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் பாடகர் குழு வந்துவிட்டது. வழிபாட்டில் பெண்குரலைக் கேட்டுச் சபையின் காதுகள் ஏற்கெனவே பழகியிருந்தன. ரோஸ்வால்ட் வாசகங்களைப் பாடினார், பாடகர் குழுவைப் பழக்கினார், இசையைத் திட்டமிட்டார். சபையார் அவரைக் ‘கேன்டர் சொப்ரானோ’ என்று அழைத்தார்கள். அன்பான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சொப்ரானோ என்பது பெண்ணின் உச்சக் குரல் வகை. ஆண் கேன்டரை யாரும் ‘கேன்டர் டெனர்’ என்று அழைப்பதில்லை. வேலையின் பெயரோடு குரலின் பெயரையும் ஒட்டியபோது, இவர் முழுக் கேன்டர் அல்லர் என்பதும் சொல்லாமல் சொல்லப்பட்டது. முறையான நியமனமோ பட்டமோ அவருக்கு இல்லை. தற்காலிக ஏற்பாடு ஒன்பது ஆண்டுகள் நீடித்தது.

1893இல் எட்வர்ட் ஸ்டார்க் என்ற ஆணை அந்தச் சபை கேன்டராக அமர்த்தியது. ரோஸ்வால்டின் பணி அங்கே முடிந்தது. பிறகு அவர் மில்ஸ் பெண்கள் கல்லூரியில் இசை கற்பித்தார். 1906இல் இறந்தார். அதே ஆண்டின் நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் அவர் பாடிய இமானு-எல் கட்டடமும் உட்புறம் முழுக்க எரிந்துபோனது. கட்டடத்தைத் திரும்ப எழுப்பிக்கொண்டார்கள். பாடியவரின் பெயர் திரும்பி வர அதைவிட அதிக காலம் ஆயிற்று. அவர் வாழ்க்கையை விரிவாக மீட்டெடுத்த ஜூடித் பினோலிஸின் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது 2010இல்தான்.

யாரும் அவரைத் திட்டமிட்டு அழித்ததாக நான் நினைக்கவில்லை. அழிப்பதற்குச் சதி தேவையில்லை. இரண்டு ஆண்களுக்கு நடுவே இருந்த இடைவெளியை நிரப்பியவர் என்று அவரை எண்ணினாலே போதும். வோல்ஃப் இறந்தார், ஸ்டார்க் வந்தார் என்று எழுதினால் வாக்கியம் முழுமையாகவே தோன்றுகிறது. அதற்குள் ஒன்பது யோம் கிப்பூர் மாலைகள் மறைந்துபோனது கண்ணில் படாது.

அடுத்த தலைமுறைப் பெண்கள் வேறு வழி தேடினார்கள். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கேன்டர்களின் பாட்டு இசைத்தட்டுகளில் விற்பனையாகும் அளவுக்குப் புகழ்பெற்றிருந்தது. அதே பாடல்களைப் பெண்களும் மேடையில், இசைத்தட்டில், வானொலியில் பாடத் தொடங்கினார்கள். சோஃபி கர்ட்ஸர் 1920களில் பதிவு செய்தார். ஃப்ரெய்டெலே ஓய்ஷர் நாடக மேடையில் பாடினார். பிலடெல்ஃபியாவின் ஜீன் கோர்னிஷ், ‘ஷெய்ண்டெலே தி ஹஸந்தே’ என்ற பெயரில், கேன்டரின் அங்கியும் தொப்பியும் அணிந்து பாடினார். ஹஸந்தே என்ற யித்திஷ் சொல்லுக்கு இரண்டு பொருள்: பெண் கேன்டர், கேன்டரின் மனைவி. முதல் பொருளுக்கு ஆள் இல்லாத காலம் முழுக்க இரண்டாவது பொருளே புழங்கிற்று. நம் ‘ஓதுவார்’ என்ற சொல்லில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை. சொல் திறந்தே இருந்தாலும் இடம் தானாகத் திறந்துவிடுவதில்லை என்பது நாம் அறிந்ததே.

மேடையில் பாடிய இந்தப் பெண்களுக்கு ரசிகர்கள் கிடைத்தார்கள், சபை கிடைக்கவில்லை. ஜெப ஆலயத்தில் கேன்டர் ஆசி வாசகத்தைப் பாடி முடித்தால் சபை ‘ஆமென்’ என்று ஏற்றுக்கொள்ளும். அரங்கத்தில் கைதட்டும். சனிக்கிழமை காலையில் ஆமென் சொன்ன அதே வாய்களுக்குரியவர்கள்தான் ஞாயிறு மாலையில் கைதட்டினார்கள். கைதட்டல் முடிந்தால் திரை விழும். நாளை வேறு ஊர். அங்கே விடைபெற யாரும் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் பெட்டி ராபின்ஸ் வந்தார். கிரேக்கத்தில் பிறந்து, பால்டிக் கடற்கரையின் டான்ஸிக் பகுதியில் வளர்ந்தவர். சிறுமியாக இருந்தபோதே அங்குள்ள ஜெப ஆலயத்தின் சிறுவர் பாடகர் குழுவில் பாடினார். நாஜிகளிடமிருந்து தப்பி அவர் குடும்பம் ஆஸ்திரேலியா சென்றது. அங்கே ஓர் அமெரிக்கப் படைவீரரை மணந்து அமெரிக்கா வந்தார். அவர் சிறுமியாகப் பாடிய அந்த யூதச் சமூகம் சிதறடிக்கப்பட்டது. ஓஷன்சைட் சபை அவரைத் தேர்ந்தெடுத்தபோது, பெண் கேன்டராவதற்கு எதிராகச் சீர்திருத்தப் பிரிவில் சட்டம் எதுவும் இல்லை, வழக்கம் மட்டுமே தடையாக இருந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்தது. ஆனாலும் கேன்டர்களைப் பயிற்றுவிக்க 1948இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்டிருந்த பள்ளியிலிருந்து ஒரு பெண் பட்டம் பெற்று வெளிவர மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

எல்லா யூதச் சமூகமும் பெண்குரலை அடக்கியதா? இல்லை. அதற்கான சான்று நமக்கு மிக அருகிலேயே, கொச்சியில் இருக்கிறது. கொச்சி யூதர்களின் பழமைக்கு ஆவணமான ஜோசப் ரப்பானின் செப்பேடு வட்டெழுத்தில், ஏறத்தாழ கி.பி. 1000இல் எழுதப்பட்டது. அந்தச் சமூகத்தின் பெண்கள் யூத மலையாளத்தில் பாடல்கள் பாடினார்கள். திருமணப் பாடல்கள், மறைநூல் கதைகளைச் சொல்லும் பாடல்கள், ஜெப ஆலயங்கள் எழுந்த கதையைச் சொல்லும் பாடல்கள். அவற்றின் மொழியில் தமிழுக்கு நெருக்கமான பழைய வடிவங்கள் தென்படுகின்றன; தமிழ் படித்த எவருக்கும் அவை அந்நியமாகத் தோன்றா. பெண்கள் இவற்றைக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் படியெடுத்து, தாயிடமிருந்து மகளுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். ஆண்கள் முன்னிலையிலேயே உரக்கப் பாடினார்கள், ஆண்கள் கேட்டார்கள். பெண்குரல் நிர்வாணம் என்ற பேச்சு அங்கே எடுபடவில்லை.

கொச்சிச் சமூகத்தின் பெரும் பகுதி 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தது. தோராச் சுருள்கள் உடன் சென்றன. பெட்டிகளின் அடியில் பாட்டுக் குறிப்பேடுகளும் சென்றன. புதிய நாட்டில் எபிரேயம் பேச வேண்டியிருந்தது. மலையாளப் பாட்டு பழைய வாழ்க்கையின் மிச்சமாகப் பார்க்கப்பட்டு ஓசை குறைந்தது. 1970களிலிருந்து ஆய்வாளர்கள் தேடி வந்தபோது குறிப்பேடுகள் திறக்கப்பட்டன. காலியா ஹக்கோ போன்ற பெண்களின் முயற்சியால் மூதாட்டிகள் மீண்டும் ஒன்றுகூடிப் பாடினார்கள். வொர்ம்ஸ் நகரத்தில் கல் செய்த வேலையை இங்கே குறிப்பேடு செய்தது. ஒரு வேறுபாடு: கல்லை வேறு யாரோ எழுதினார்கள், குறிப்பேட்டைப் பெண்களே எழுதினார்கள். தங்களுக்கு விடை கொடுக்கப் பிறரை அவர்கள் நம்பியிருக்கவில்லை.

நியூயார்க் பள்ளியில் 1970இல் பார்பரா ஆஸ்ட்ஃபெல்ட் என்ற 18 வயதுப் பெண் சேர்ந்தார். 1975இல் முறைப்படி பட்டம் பெற்றார். ஆக, இவரும் ‘முதல் பெண் கேன்டர்’. பல ஆண்டுகள் சபைகளில் பணியாற்றி ஓய்வுபெற்ற பின், 2019இல் தன் நினைவுக் குறிப்புகளை நூலாக வெளியிட்டார். மனப்பதற்றத்தையும் உடல் பற்றிய தாழ்வுணர்வையும் மறைக்காமல் எழுதிய நூல். ரோஸ்வால்டுக்குப் பிறர் எழுத வேண்டியிருந்ததை இவர் தானே எழுதிவைத்தார். கன்சர்வேடிவ் பிரிவின் கல்விக்கூடம் 1987இல் இரண்டு பெண்களுக்குக் கேன்டர் பட்டம் கொடுத்தது. அந்தப் பிரிவின் கேன்டர் சங்கமோ பெண்களை உறுப்பினராகச் சேர்க்க 1990 வரை இழுத்தடித்தது. பட்டம் கொடுப்பது ஒன்று, சக பணியாளராக அருகில் உட்கார வைப்பது வேறு. ஆசாரப் பிரிவின் ஜெப ஆலயங்களில் இன்றும் கேன்டர் பணி ஆண்களுக்கே உரியது.

உள்ளே வந்த பெண்களுக்கு முன் பழைய வாசகங்கள் நின்றன. மெட்டுகள் ஆண் குரலின் சுருதிக்கு அமைந்தவை. மாற்றிப் பாட வேண்டியிருந்தது. அதைவிடச் சுவையானது ‘ஹினெனி’ என்ற பிரார்த்தனை. ஆண்டின் பெருநாட்களில் கேன்டர் தன் பெயரில், ‘நான்’ என்று பேசும் அரிய இடம் அது. மக்களுக்காக மன்றாட நான் தகுதியற்றவன், என் குறைகளுக்காக இவர்களைத் தண்டித்துவிடாதே என்று கேட்கும் உருக்கமான வாசகம். அதில் ஓரிடத்தில், அனுபவம் முதிர்ந்த, நீண்ட தாடி வளர்த்த, இனிய குரலுடைய பெரியவரின் பிரார்த்தனையாக இதை ஏற்றுக்கொள் என்று வருகிறது. பெண் கேன்டர்கள் வினைகளையும் பெயர்களையும் பெண்பாலுக்கு மாற்றிக்கொள்கிறார்கள். தாடியை என்ன செய்வது? அது வாசகத்தில் இருந்தபோதும், சபைக்கு முன் நிற்பவரின் முகத்தில் இல்லாதபோதும், பிரார்த்தனை மேலேறிச் சென்றுகொண்டுதான் இருக்கிறது.

இன்று அமெரிக்கச் சீர்திருத்தச் சபைகளில் பெண் கேன்டர்கள் பெருமளவில் இருக்கிறார்கள். 1970களிலும் 80களிலும் நுழைந்தவர்கள் ஒவ்வொருவராகப் பணி நிறைவு பெறுகிறார்கள். சபை கூடுகிறது, அவர்கள் பழக்கிய பிள்ளைகள், இப்போது நரைத்த தலையோடு, எழுந்து பேசுகிறார்கள், பெயர் பதிவாகிறது, அடுத்தவரைத் தேடும் குழு அமைக்கப்படுகிறது. பல இடங்களில் அடுத்தவரும் பெண். அதை எந்த நாளிதழும் முதல் பக்கத்தில் போடுவதில்லை. செய்தியாக இல்லாமல் போனதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. முன்னவருக்கு முறையாக விடை கொடுத்த இடத்தில் பின்னவர் ‘முதல் பெண்’ ஆக வேண்டியதில்லை. அவர் இரண்டாமவராக, ஐந்தாமவராக இருக்கலாம். முன்னவரைவிடச் சுமாராகப் பாடும் உரிமைகூட அவருக்கு உண்டு. ஒருத்தியின் குரல் கம்மினால் எல்லாப் பெண்களின் குரலும் தோற்றதாகிவிடாது.

யூத மரபில் பிரிவதற்கென்று அழகான வழக்கங்கள் இருக்கின்றன. தல்மூதின் ஒரு பகுதியைப் படித்து முடித்தால், அந்த நூல் பகுதியையே விளித்து, உன்னிடம் திரும்பி வருவோம் என்று சொல்லி மூடுவார்கள். ‘போகிறேன்’ என்று சொல்லாமல் ‘போய் வருகிறேன்’ என்று சொல்லப் பழகிய நமக்கு இது உடனே புரியும். கூடாரப் பண்டிகையின் ஏழு நாட்களும் முடிந்தபின் எட்டாவதாக ஒரு நாள் இருப்பதற்கு மரபுரையாளர்கள் சொல்லும் காரணம், பிள்ளைகளைப் பிரிய மனமில்லாத கடவுள் இன்னும் ஒரு நாள் இருந்துவிட்டுப் போங்கள் என்று கேட்டார் என்பது. பிரிவை இவ்வளவு மென்மையாக எண்ணிப் பார்த்த மரபு, தனக்காகப் பாடிய பெண்களை வெகுகாலம் வாசல்வரைகூட வந்து வழியனுப்பவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய உரிமைகளில் இதையும் சேர்த்துக்கொள்வோம். உள்ளே வரும் உரிமையோடு, பெயரோடும் நாளோடும் வெளியே போகும் உரிமை. ஒரு பெண் பணியை விட்டுப் போகும் நாளில் அவள் எத்தனை ஆண்டு இருந்தாள், என்ன செய்தாள், அவளுக்குப் பின் யார் என்று ஒரு தாளில் எழுதிவைப்பது பெரிய காரியமல்ல. 1893இல் அதை யாராவது எழுதி, அந்தத் தாளை அடுத்தடுத்தவர்கள் கைமாற்றி வந்திருந்தால், 1955இல் பெட்டி ராபின்ஸ் தனியாக நின்றிருக்க மாட்டார். தனக்கு முன்னால் ஒருத்தி நின்ற இடத்தில்தான் தானும் நிற்கிறேன் என்ற தைரியத்தோடு பாடத் தொடங்கியிருப்பார்.